ஓட்டு ரகசியம்... ஓட்டர்?



இந்த வாரம் ஒரு குட்டி குவிஸ்ல ஆரம்பிக்கலாம். ரெண்டே கேள்விதான். நெகட்டிவ் மார்க் கிடையாது.

கேள்வி 1: நீங்க யாருக்கு ஓட்டு போட்டீங்கன்னு வேற யாராவது தெரிஞ்சுக்க முடியுமா?

'முடியாது'ன்னு சொல்லியிருப்பீங்க. கரெக்ட்! ஓட்டு ரகசியம். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128-வது பிரிவு அதைக் காப்பாத்துது. தேர்தல் வேலையில இருக்கிற ஒருத்தர் அந்த ரகசியத்தை உடைச்சா, 3 மாசம் வரைக்கும் ஜெயிலுக்கே போகலாம்.

கேள்வி 2: நீங்க எந்தத் தெருவுல, எந்த வீட்டு நம்பர்ல குடியிருக்கீங்கன்னு உங்களைப் பிடிக்காத ஒருத்தர் தெரிஞ்சுக்க முடியுமா?

இங்கேதான் நிறைய பேர் முட்டை வாங்குவீங்க. பதில்: முடியும். நீங்க 18 வயசு முடிஞ்சு ஓட்டர் ஐ.டி. வாங்கிட்டீங்கன்னா, அரசாங்கமே அதை அச்சடிச்சு வெளியிடுது. அதுக்குப் பேருதான் வாக்காளர் பட்டியல்.

உங்க ஓட்டு ரகசியம். நீங்க ரகசியம் இல்லை. பெரும்பாலானவங்களுக்கு இது ஒரு பிரச்னையே இல்லை. சிலருக்கு மட்டும் உயிர்ப் பிரச்னை. அந்தச் சிலரைப் பத்திதான் இந்த வாரம்.

பட்டியல்ல என்னதான் இருக்கு?

நம்ம ஏரியாவையே எடுத்துக்குவோம். பூந்தமல்லி 5-வது தொகுதி, ஆவடி 6, மதுரவாயல் 7, அம்பத்தூர் 8. ஒவ்வொரு தொகுதியையும் 'பாகம்'னு பிரிச்சிருப்பாங்க. ஒரு பாகம்னா ஒரு பூத். அதுக்குள்ள தெருப் பேரு. தெருப் பேருக்குக் கீழே கட்டம் கட்டமா ஆட்கள்.

ஒவ்வொரு கட்டத்துலயும் உங்க பேரு, அப்பா அல்லது அம்மா அல்லது கணவர் பேரு, வீட்டு நம்பர், வயசு, ஆணா பெண்ணா, வாக்காளர் அட்டை நம்பர் எல்லாம் இருக்கும். பொதுமக்களுக்குக் கிடைக்கிற காப்பியில போட்டோ மட்டும் இருக்காது. உங்க மொபைல் நம்பரும் இருக்காது. அந்த மட்டும் நல்லது.

இந்தப் பட்டியலை யார் வேணும்னாலும் பார்க்கலாம். தலைமைத் தேர்தல் அதிகாரியோட தளத்துல பாகம் வாரியா டவுன்லோடு பண்ணலாம். கட்சிகளோட பூத் ஏஜென்ட் கையிலயும் ஒரு காப்பி இருக்கும். ரூல்ஸ் அப்படி. 1960-ம் வருஷத்து வாக்காளர் பதிவு விதிகள் 'பட்டியலை வெளியிடு, யார் கேட்டாலும் பார்க்கக் கொடு'ன்னுதான் சொல்லுது.

இன்னொரு விஷயம். புதுசா பேர் சேர்க்க நீங்க படிவம் 6 கொடுத்தாலே போதும். பட்டியல்ல பேர் ஏறுறதுக்கு முன்னாடியே, 'இன்னார் விண்ணப்பிச்சிருக்கார்'னு படிவம் 9 என்ற லிஸ்ட்ல உங்க பேர் வந்துடும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லட்டும்னு அதையும் வெளியிடுவாங்க. கல்யாண மண்டப வாசல்ல போர்டு வைக்கிற மாதிரி!

எதுக்கு இவ்வளவு வெளிப்படை?

'இதென்ன அநியாயம், மொத்தமா மூடி வைங்கப்பா'ன்னு கோபப்படாதீங்க. காரணம் இருக்கு.

பட்டியல் பூட்டி வெச்ச பெட்டியில இருந்தா, செத்துப்போன தாத்தா எப்படி ஓட்டு போடுறார்னு யாருக்கும் தெரியாது. ஒரே வீட்டு நம்பர்ல ஒரு கிராமமே குடியிருந்தாலும் தெரியாது. உங்க பேரைத் தூக்கிட்டாங்கன்னா, பூத் வாசல்ல போய் நின்னப்புறம்தான் உங்களுக்கே தெரியும்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். 2025 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாட்டுல சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பிச்சுது. பி.எல்.ஓ.ன்னு சொல்ற பூத் லெவல் ஆபீஸருங்க வீடு வீடா படிவத்தோட வந்தாங்க. டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தப்போ சுமார் 97 லட்சம் பேரோட பேர் அதுல இல்லை. 'என் பேரு இருக்கா, எங்க பாட்டி பேரு இருக்கா'ன்னு எல்லாரும் தேடினோமே... பட்டியல் வெளியில இருந்ததாலதான் தேட முடிஞ்சுது. பீகார்ல அதே வருஷம் நீக்கப்பட்ட 65 லட்சம் பேரோட பட்டியலைக் காரணத்தோட வெளியிடுங்கன்னு ஆகஸ்ட் 14-ம் தேதி உச்ச நீதிமன்றமே சொன்னதும் இதுக்காகத்தான்.

ஆக, வெளிப்படையான பட்டியல் ஜனநாயகத்துக்கு வேணும். அதுல சந்தேகமே இல்லை. ஆனா அதே பட்டியலுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு.

பட்டியல் ஆயுதமான கதை

1983 ஜூலை 24-ம் தேதி இரவு. கொழும்புவில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. பொரளையில் ஆரம்பித்து நகரம் முழுக்கப் பரவியது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று தமிழர்கள் சிங்களவர்களோடு கலந்து குடியிருந்த பகுதிகள். பக்கத்துப் பக்கத்து வீடுகள். வெளியிலிருந்து பார்த்தால் எது யார் வீடு என்று சொல்லவே முடியாது.

ஆனால் கும்பலுக்குத் தெரிந்திருந்தது. காரணம், அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. பேரைப் பார், வீட்டு நம்பரைப் பார், நெருப்பு வை. 'கறுப்பு ஜூலை' பற்றிச் சாட்சி சொன்ன பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த வருஷமே டெல்லி. 1984 அக்டோபர் 31-ம் தேதி இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு நடந்த சீக்கியர் படுகொலையிலும், சீக்கியர் வீடுகளை அடையாளம் காட்ட வாக்காளர் பட்டியலும் ரேஷன் பட்டியலும் பயன்பட்டதாக விசாரணைகளில் சாட்சியங்கள் வந்தன.

ஓட்டு போடுறதுக்காகக் கொடுத்த அட்ரஸ், தேடி வந்து கொல்றதுக்கான அட்ரஸ் ஆயிடுச்சு. அந்தக் காலத்துல அதுக்கு யாராவது பேப்பர் கட்டைத் தூக்கிட்டு அலையணும். இப்போ மொபைல்ல ஒரு பி.டி.எஃப். போதும்.

இன்னைக்கு யாருக்கு ஆபத்து?

கலவரம் எல்லாம் எப்பவோ நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. தனி ஆளைத் தேடுற கதை தினமும் நடக்குது.

ஒரு பொண்ணுன்னு வெச்சுக்குங்க. தென் மாவட்டத்துல ஏதோ ஒரு ஊர். வேற சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு சென்னைக்கு வந்துட்டா. ஏன் அம்பத்தூர்? எஸ்டேட் இருக்கே. 1960-கள்ல ஆரம்பிச்ச தொழிற்பேட்டை, ரெண்டு பேருக்கும் ஏதாவது வேலை கிடைக்கும். பாடியிலயோ கொரட்டூர்லயோ ஒரு சின்ன போர்ஷன் பிடிச்சாச்சு. யார் யார் பக்கத்து வீட்டுல இருக்காங்கன்னே தெரியாத ஊர். ஒளிஞ்சுக்க இதைவிட நல்ல இடம் வேணுமா?

வாழ்க்கை செட்டில் ஆனதும் அவளுக்கு ஒரு நல்ல எண்ணம் வருது. 'இங்கேயே ஓட்டை மாத்திக்கலாமே.' படிவம் 8 கொடுக்கிறா. வேலை முடிஞ்சுது.

அங்கேதான் சிக்கல். அட்ரஸ் மாறினாலும் வாக்காளர் அட்டை நம்பர் மாறாது. அந்தப் பழைய நம்பர் யார்கிட்ட இருக்கு? ஊர்ல, அவ அப்பா வீட்டு பீரோவுல! அவளைத் தேடிக்கிட்டு இருக்கிறவங்க கையிலேயே சாவி இருக்கு. எந்தத் தொகுதி, எந்த பாகம்னு தெரிஞ்சா மிச்சம் எல்லாம் பட்டியல்லயே இருக்கு.

மிகைப்படுத்தறேன்னு நினைக்கிறீங்களா? 2016 மார்ச் 13-ம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, பட்டப்பகல்ல, கேமரா பார்க்க, காதல் திருமணம் செஞ்ச ஒரு இன்ஜினீயரிங் மாணவரை வெட்டிக் கொன்னாங்க. உங்க வயசுதான் அவருக்கு. இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக மாவட்டத்துக்கு ஒரு சிறப்புப் பிரிவு, 24 மணி நேர ஹெல்ப்லைன் வேணும்னு சென்னை உயர் நீதிமன்றம் அதே 2016 ஏப்ரல்ல சொல்லுச்சு. பாதுகாப்பு இல்லங்கள் வேணும்னு 2018 மார்ச் 27-ம் தேதி 'சக்தி வாஹினி' வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. போலீஸ் பாதுகாப்பு கேட்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா வாக்காளர் பட்டியல்ல 'என் அட்ரஸை மறைங்க'ன்னு கேட்க ஒரு படிவம் கிடையாது.

காதல் ஜோடி மட்டும் இல்லை. அடிக்கிற கணவன்கிட்ட இருந்து தப்பிச்சுக் காப்பகத்துல இருக்கிற பெண்கள். விடாம துரத்துற ஒருத்தனுக்குப் பயந்து ஹாஸ்டல் மாறின மாணவி. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைகள். இவங்க எல்லாருக்கும் முன்னாடி ரெண்டே வழி. ஒண்ணு, ஓட்டை விடணும். இல்லைன்னா, ஒளிஞ்சிருக்கிற இடத்தை விடணும். உயிரா, உரிமையான்னு ஒரு குடிமகள்கிட்ட கேட்கலாமா, சொல்லுங்க?

சட்டம் என்ன சொல்லுது?

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி, 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 'அந்தரங்கம் அடிப்படை உரிமை'ன்னு தீர்ப்பு கொடுத்தது. கைதட்டினோம். 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறுபடியும் கைதட்டினோம். ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு (ஓட்டு இல்லைங்க, ஓட்டை!). ஒரு தகவலை வெளியிடணும்னு வேற சட்டமே சொல்லியிருந்தா, அந்தத் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வாக்காளர் பட்டியல் அப்படியே அந்த ஓட்டைக்குள்ள விழுந்துடுது.

தேர்தல் ஆணையம் ஒண்ணு பண்ணியிருக்கு. 2018-ல இருந்து பட்டியலைப் படமா மாத்திப் போடுறாங்க. பேரைத் தட்டினா பட்டுனு வந்து நிக்காது. தேடக்கூடிய வடிவத்துல கொடுக்கணும்னு கேட்ட வழக்கையும் 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. இது மொத்தமா அள்ளுறவங்களுக்கு ஒரு வேகத்தடை, அவ்வளவுதான். ஒரே ஒரு பொண்ணைத் தேடுறவனுக்குப் பொறுமை அதிகம். அவன் ஒவ்வொரு பக்கமா புரட்டுவான்.

சரி, சட்டத்தால முடியவே முடியாதா?

முடியும்! அதுக்கு உதாரணம் நம்ம ஆவடியிலயே இருக்கு.

ஆவடியில ராணுவம், விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். எல்லாம் இருக்கே. அங்கே வேலை பார்க்கிற பஞ்சாப் ஜவான் ஆவடி அட்ரஸ்லதான் ஓட்டராகணும்னு கட்டாயம் இல்லை. 1950-ம் வருஷச் சட்டத்தின் 20-வது பிரிவு, 'வேலை மட்டும் இல்லைன்னா அவர் எங்கே குடியிருந்திருப்பாரோ, அங்கே குடியிருக்கிறதா வெச்சுக்குவோம்'னு சொல்லுது. ஜனாதிபதி, கவர்னர், மந்திரிகளுக்கும் இதே மாதிரி ஒரு வசதி உண்டு. நாட்டுக்காக இடம் மாறினா சட்டம் வளைஞ்சு கொடுக்குது. உயிருக்காக இடம் மாறினா?

இன்னொரு உதாரணம். பாலியல் தொழிலாளர்களுக்கு அட்ரஸ் ப்ரூஃப் இல்லைங்கிறதால ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் மறுக்கக் கூடாது, அவங்க விவரத்தை ரகசியமா வெச்சுக்கணும்னு 2021 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கதவு இருக்கு பாஸ். தட்டத்தான் ஆள் வேணும்.

வெளியூர்ல எப்படின்னு பார்க்கலாமா?

பிரிட்டன்ல 2006-ம் வருஷச் சட்டப்படி 'பெயர் தெரியாத வாக்காளர்' ஆகலாம். பட்டியல்ல உங்க பேரோ அட்ரஸோ வராது. ஒரு நம்பர், பக்கத்துல 'என்' என்ற ஒரு எழுத்து. அவ்வளவுதான்! வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஆரம்பத்துல இதுக்குச் சான்று வாங்குறது பெரும்பாடு. பிரிஸ்டல் நகரத்துக் காப்பகம் ஒண்ணுல இருந்ததால ஓட்டு போட முடியாம போன ஒரு இளம்பெண் பிரச்சாரத்தை ஆரம்பிச்சார். 2018-ல விதி மாறிச்சு. இப்போ காப்பக நிர்வாகி, டாக்டர், நர்ஸ் கூடச் சான்று கொடுக்கலாம். ஈஸ்ட் ஹாம்ல இருக்கிற ஒரு தமிழ்ப் பொண்ணுக்குக் கிடைக்கிற இந்தப் பாதுகாப்பு, அம்பத்தூர்ல இருக்கிற தமிழ்ப் பொண்ணுக்குக் கிடையாது.

ஆஸ்திரேலியாவுல இப்படிப்பட்டவங்களுக்கு 'சைலன்ட் எலெக்டர்'னு பேரு. பேர் இருக்கும், அட்ரஸ் இருக்காது. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம் 1991-லயே ஆபத்துல இருக்கிறவங்களுக்குப் பதில் அட்ரஸ் கொடுக்க ஆரம்பிச்சுது. இந்த நாடுகள்ல எல்லாம் தேர்தல் நிக்கலை. ஜனநாயகம் கெட்டுப்போகலை. பெரும்பாலானவங்க பட்டியல்ல, கொஞ்சம் பேர் மறைவுல. அதிகாரி மட்டும் ரெண்டையும் சரிபார்க்கிறார்.

பக்கத்துல கேரளாவைப் பாருங்க. சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் பண்றவங்களோட நோட்டீஸை அரசாங்கத் தளத்துல போட்டுக்கிட்டு இருந்தாங்க. போட்டோ, அட்ரஸ் எல்லாம் சேர்த்து. அதை எடுத்து மதம் மாறிக் காதலிக்கிற ஜோடிகளைக் குறிவெச்சுப் பரப்பினாங்க. பாதிக்கப்பட்ட ஒரு பெண் வெளிப்படையா எழுதினார். 2020 ஜூலையில தளத்துல போடுறதைக் கேரள அரசு நிறுத்துச்சு. ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல இருக்கு, இன்டர்நெட்ல இல்லை. ஒருத்தர் பேசினா மாறும்!

அதுவரைக்கும் என்ன பண்றது?

உங்களுக்கோ உங்க ஃப்ரெண்டுக்கோ இந்த மாதிரி ஆபத்து இருந்தா, இதைக் கிழிச்சு பர்ஸ்ல வெச்சுக்குங்க.

● பொய் அட்ரஸ் கொடுக்கவே கொடுக்காதீங்க. தெரிஞ்சே பொய்த் தகவல் கொடுத்தா 1950-ம் வருஷச் சட்டத்தின் 31-வது பிரிவுப்படி ஒரு வருஷம் வரைக்கும் சிறை. உங்களைத் துரத்துறவங்களுக்கு நீங்களே ஒரு கேஸை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

● அவசரப்பட்டு ஓட்டை மாத்தாதீங்க. தற்காலிகமா வெளியில தங்கினா மட்டும் பழைய இடத்து வாக்காளர் உரிமை போயிடாது. ஹாஸ்டல் மாணவர்களுக்கு ரெண்டு சாய்ஸ் உண்டு. பெற்றோர் வீட்டு அட்ரஸ்லயே இருக்கலாம், ஹாஸ்டல் அட்ரஸ்லயும் பதிவு பண்ணலாம். ரெண்டுலயும் சேர்த்து இருக்கக் கூடாது. மாத்துறதுக்கு முன்னாடி, 'என் பழைய அட்டையும் நம்பரும் யார் கையில இருக்கு'ன்னு யோசிங்க.

● படிவத்துல உறவினர் பேருன்னு ஒரு கட்டம் வரும். அப்பா பேர்தான்னு சட்டம் இல்லை. அம்மா பேர் போடலாம். திருநங்கைகள் குருவோட பேர் போடலாம்.

● மொபைல் நம்பர் உங்களோடதா இருக்கட்டும். பதிவு பண்ணும்போது அப்பா நம்பரோ அண்ணன் நம்பரோ கொடுத்திருந்தா, விண்ணப்பத்தைப் பத்தின தகவல் எல்லாம் அவங்களுக்குத்தான் போகும்.

● மிரட்டல் இருந்தா முதல்ல போலீஸ். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூணும் 2022-ல வந்த ஆவடி கமிஷனரேட்டுக்குள்ள வருது. அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181. எஃப்.ஐ.ஆர். காப்பி, கோர்ட் பாதுகாப்பு உத்தரவு இருந்தா பத்திரமா வெச்சுக்குங்க.

● வக்கீலுக்குக் காசு இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் கிடைப்பாங்க. நம்பர் 15100. அவங்க மூலமா வாக்காளர் பதிவு அதிகாரிக்கு எழுத்துல மனு கொடுங்க. விவரத்தை மறைக்கச் சொல்ற விதி இல்லாததால அவர் மறுக்கலாம். ஆனா அந்த மறுப்பு பேப்பர்தான் உயர் நீதிமன்றக் கதவைத் தட்ட உங்களுக்கு உதவும்.

ஆபத்து இல்லாத நமக்கு?

நமக்கும் ஹோம்வொர்க் உண்டு. முதல் ஓட்டு போட்ட ஜோர்ல வாக்காளர் அட்டையை அப்படியே ஸ்டேட்டஸ்ல போடுறோம்ல, அதை நிறுத்தலாம். மை வெச்ச விரல் போதும், அட்டை வேண்டாம். குரூப் செல்ஃபியில பின்னாடி பூத் பேரோட நிக்கிற தோழிக்கு அதுல விருப்பமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. தேர்தல் நேரத்துல தன்னார்வலரா போய் உங்க கைக்கு ஒரு பாகத்தோட பட்டியல் வந்தா, அதை கிளாஸ் குரூப்ல தட்டி விடாதீங்க. அதுல 1,000 பேரோட வீட்டு வாசல் இருக்கு.

முக்கியமா ஒண்ணு. 'மச்சான், இந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்கான்னு பட்டியல்ல பார்த்துச் சொல்லுடா, சும்மா தெரிஞ்சுக்கத்தான்'னு யாராவது கேட்டா, பார்க்காதீங்க. சொல்லாதீங்க. தெரிஞ்சுக்கிட்டு அவன் என்ன பண்ணப் போறான்னு உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதனாலதான் அவ சொல்லாமப் போயிருக்கா.

சட்டம் படிக்கிற பசங்களா இருந்தா இதை ஒரு மூட் கோர்ட் தலைப்பா எடுங்களேன். 'பட்டியல் வெளிப்படையா இருக்கணும், ஆனா ஆபத்துல இருக்கிறவங்க கட்டத்துல மட்டும் ஒரு நம்பர் போதும்.' ரெண்டு பக்கமும் வாதாட விஷயம் இருக்கு. ஜெயிச்ச வாதத்தைத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு கடிதமா எழுதிப் போடுங்க. 1950-கள்ல ஜவானுக்காக யோசிச்ச சட்டம்தானே, 2020-கள்ல ஒரு பொண்ணுக்காகவும் யோசிக்கட்டும்.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுக்குள்ள 18 முடிஞ்சவங்க, பேர் சேர்த்தாச்சான்னு செக் பண்ணிடுங்க. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வருஷத்துக்கு நாலு தகுதித் தேதி இருக்கு. 'டைம் இல்லை'ங்கிற சாக்கு எல்லாம் செல்லாது!